பட்லரை மே மாதம்வரை வைத்திருக்க முடியாது

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. முக்கால்வாசியும் பட்லரைப் பற்றித்தான். முழுகாமல் இருக்கிற ஸ்டெல்லாவுக்கு வாந்தி நின்றதா இல்லையா என்றுகூட எழுதவில்லை. "மே மாதம் லீவு கிடைத்துவிடும். நான் வந்து பார்க்கிறவரை எப்படியாவது அதை வைத்திருங்கள். எதுவும் செய்துவிடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறாய். 'எப்படியாவது' என்பதற்கு அடியில் கோடு வேறு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வைத்திருக்க முடியாது. நாளை சனிக்கிழமை சாயங்காலம் மாட்டு டாக்டர் வீட்டுக்கே வருகிறார். ஊசி போட்டுத் தூக்கத்திலேயே அதை அனுப்பிவிடப் போகிறோம். இந்தக் கடிதம் ராஞ்சிக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். தந்தி கொடுத்திருக்கலாமே என்று கேட்பாய். கொடுத்திருந்தால் நீ உடனே எதிர்வீட்டுக்கு டிரங்க் கால் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருப்பாய். போனில் உன் குரல் உடைந்தால் எனக்குத் தாங்காது, சரி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பயந்துதான் தந்தி கொடுக்கவில்லை. கோபப்படுவதென்றால் என்மேல் கோபப்படு, உன் அப்பாமேல் வேண்டாம். அவர் இந்த விஷயத்தில் பட்ட பாடு போதும்.

நீ கடைசியாகப் பார்த்த பட்லரை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறாய். உன் கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் போய் நின்று பார்த்துவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் திரும்பி வந்ததே, அந்த நாயை. பொங்கலுக்கு அப்புறம் அதற்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. முதலில் இழுத்து இழுத்து நடந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. கூடத்து ஜன்னலுக்குக் கீழே கோணி விரித்து, அதன்மேல் என் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன். அதில்தான் கிடக்கிறது. புரட்டிப் புரட்டிப் போட்டும் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் புண் வந்துவிட்டது. நர்ஸாக இருந்த காலத்தில் வார்டில் என் பொறுப்பில் இருக்கும் நோயாளிக்கு முதுகில் புண் வந்தால் நான் வீட்டில் சரியாகச் சாப்பிடமாட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது என் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. காலையில் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வருகிற நேரமெல்லாம் அதன் துணிகளை அலசுவதிலேயே போய்விடுகிறது. அப்பாவும் நானும் கோணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வெயிலுக்குக் கொண்டுபோகிறோம். அவருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. இதை உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. ஆனால் என் அலுப்புக்காக நாயைக் கொல்லச் சொல்கிறவள் இல்லை நான். வேலை பார்த்த காலம் முழுக்க அலுப்போடு வேலை பார்த்தவள்தான். தூக்கினால் முனகுகிறது, கீழே வைத்தால் முனகுகிறது. படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டு, நான் துடைக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அது எவ்வளவு சுத்தமான நாய் என்பது உனக்குத்தானே தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தாய், சட்டை முழுக்க நாசமாக்கிக்கொண்டு. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அந்தக் குட்டி மேசைக்குப் பக்கத்தில் வந்து, குரைக்காமல், கெஞ்சாமல், விறைப்பாக நின்றது. "அம்மா, வெள்ளைக்காரன் வீட்டு பட்லர் மாதிரி நிக்குது பாருங்க" என்றாய். பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை நம் வீட்டில் கறி கிடையாது, மீன்தான் என்பதை அது உன்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டது. நீதான் பெரியவனாகியும் வெள்ளிக்கிழமைகளில் திருவல்லிக்கேணிப் பக்கம் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய். பட்லர் உன் கையை விடாமல் மோந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நீ பி.யு.சி.யில் கணக்கில் கோட்டைவிட்ட அன்று வீட்டுக்கு வரவில்லை. அப்பா சாந்தோமிலிருந்து மந்தைவெளிவரை நடந்து தேடினார். நான் டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் கடற்கரைக்கு ஓடினேன். கட்டுமரங்களுக்கு நடுவில் நீ உட்கார்ந்திருந்தாய். பட்லர் எனக்கு முன்பே வந்து உன் பக்கத்தில் படுத்திருந்தது. நான் கிட்டே வராமல் தள்ளியே நின்றேன். கிட்டே வந்திருந்தால் திட்டியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து நீயாகவே எழுந்து, "இதுக்குப் பசிக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தாய். உனக்குத்தான் பசி என்று எனக்குத் தெரியும். அந்த நாய்க்கு நான் கடன்பட்டவள். அதனால்தான் அதை இப்படி விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது என்று நினைக்காதே. அதெல்லாம் சினிமாவில். நீ ராஞ்சிக்கு ரயில் ஏறிய மறுநாளே உன் மெத்தையில் ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. "பையன் போன துக்கமே இல்லையே இதுக்கு" என்றார். எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. வீட்டில் ஒருத்தராவது நன்றாகத் தூங்குகிறார்களே என்று.

காத்திருப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆண்கள் வார்டிலும் பெண்கள் வார்டிலும் மாறிமாறி வேலை பார்த்திருக்கிறேன். "பம்பாயிலேர்ந்து பிள்ளை வந்துடட்டும் சிஸ்டர், அதுவரைக்கும் எப்படியாவது புடிச்சு வைங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். அப்போது நானும் அதைப் பெரிய பாசம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் குளூக்கோஸ் ஏற்றச் சொல்வார், ஆக்ஸிஜன் வைக்கச் சொல்வார், நான் வைப்பேன். கட்டிலில் இருப்பவர் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். பிள்ளை பெட்டியோடு நேராக ஸ்டேஷனிலிருந்து வருவான். வந்து பார்ப்பான், அழுவான், வெளியே போய் நிற்பான். அவன் பார்த்துவிட்டான் என்று எல்லோருக்கும் நிம்மதி. அந்த நாட்களையெல்லாம் யார் உடம்பு தாங்கியது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அடுத்த கட்டில் இருந்தது. உன் கடிதத்தில் கோடு போட்ட அந்த வார்த்தையைப் படித்ததும் அந்தக் கட்டில்கள்தான் ஞாபகம் வந்தன. உன்னைக் குத்திக்காட்டவில்லை. தூரத்தில் இருப்பவன் அப்படித்தான் கேட்பான்.

டாக்டர் முதல் தடவை வந்து பார்த்தது போன வாரம். கோபாலபுரத்துக்காரர், வேப்பேரி மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்கூட்டரில் வருவார். பட்லரின் முதுகை மெதுவாகத் தடவிப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், கண்ணுக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு நான் சொல்லணுமா சிஸ்டர்? இது திரும்ப எழுந்திருக்காது. வலியைத் தாங்கிண்டு கிடக்கு. ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கிண்டு போய் அலைக்கழிக்க வேண்டாம். ஆத்துல, தன் இடத்துல, உங்க கை வாசனையோட போகட்டும். எப்ப வரணும்னு சொல்லி அனுப்புங்கோ, வரேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன், உன் அப்பாவைக் காணோம். பின்கட்டில் போய், காய்ந்துகொண்டிருந்த வேட்டியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். வேட்டி இன்னும் ஈரம்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். எறும்புப் பொடி தூவக்கூட விடமாட்டார். "குடுத்தவன் எடுத்துக்கட்டும், நாம யாரு நடுவுல?" என்றார். "சரி, அவன் எடுத்துக்கறவரைக்கும் புண்ணை நீங்க துடைங்க" என்றேன். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் அவர் உண்மையாகவே துடைத்தார். அன்று முழுவதும் என்னைக் கைவைக்கவிடாமல் தானே எல்லாவற்றையும் செய்தார். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம்தான் எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். கோவிலில் இன்னாருக்காக என்று பூசைக் கருத்து எழுதிக்கொள்ளும் உபதேசியாரிடம் போய், புதன்கிழமைக் காலைப் பூசையை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். புதன்கிழமை சூசையப்பருக்கு உரிய நாள், நல்மரணத்துக்குப் பாதுகாவலர் அவர்தானே. நாயின் பெயரைச் சொல்லக் கூச்சம். நாய் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். அதனால், தன் பெயரைக் கொடுத்து, "எங்க வீட்ல நோயில இருக்கறவங்களோட நல்மரணத்துக்காக" என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமைக் காலையில் நான் பூசைக்குப் போகவில்லை. பட்லருக்கு வயிறு சரியில்லை. நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது வாசலில் கூட்டமாகச் சத்தம் கேட்டது. ஈரக்கையோடு போய்ப் பார்த்தால் நம் கோவில் பெண்கள், தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் பூசையிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். முன்னால் நின்றது பிலோமினா டீச்சர், உனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். கையில் ஆரஞ்சுப் பழம். ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொருத்தி வேளாங்கண்ணி எண்ணெய். என்னைப் பார்த்ததும் டீச்சர் பதறிப்போய், "ஐயோ சிஸ்டர், நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? படுங்க, படுங்க" என்றார்.

"எனக்கென்ன, நான் எதுக்குப் படுக்கணும்?"

"பூசையில படிச்சாங்களே. உங்க வீட்ல நோயில இருக்கறவங்களோட நல்மரணத்துக்காகன்னு. சார்தான் முன் பெஞ்சில உக்காந்திருந்தாரு, அவருக்கு ஒண்ணும் இல்ல. அப்ப நீங்கதானே..." என்று சொல்லிக்கொண்டே என் பாதத்தைப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அதே வேகத்தில் வேறு என்னவோ வந்தது. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பையனுக்குச் சொல்லியாச்சா? எப்ப வர்றான்?" என்று கேட்டார். தம்பி, செத்துப்போகப் போகிறவளிடம் கேட்கிற முதல் கேள்வி அதுதான் போலிருக்கிறது. நான் அவர்களைக் கூடத்துக்குள் கூட்டிப்போய் பட்லரைக் காட்டினேன். ஹார்லிக்ஸ் கொண்டுவந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை. டீச்சர் மட்டும் சிரிக்காமல் கீழே உட்கார்ந்து அதன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். பழத்தையும் பாட்டிலையும் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், கேட்கவில்லை. எண்ணெயைப் புண்ணில் தடவினேன். மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

உன் அப்பா இதற்குப் பயந்துகொண்டே கோவிலிலேயே தங்கிவிட்டார். பெண்கள் ஊர்வலமாக நம் தெருப்பக்கம் திரும்புவதைப் பார்த்ததுமே விஷயம் கைமீறிவிட்டது என்று புரிந்துவிட்டதாம். நேராக ஃபாதரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஃபாதர் சின்ன வயசு, நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்திருக்கிறார். இவரும் அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டா பாவமா ஃபாதர்?" என்று கேட்டுவிட்டார். அவர் யோசிக்கக்கூட இல்லையாம். "பாவமே இல்ல சார். மனுஷனுக்குத்தான் அழியாத ஆன்மா. மிருகத்துக்கு அது கிடையாது. மூச்சு நின்னா அதோட சரி. தாராளமா போடுங்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார்.

எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். வீடு திரும்பிய உன் அப்பாவுக்குக் காப்பி கலந்து வைத்தேன். அவர் தொடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்லருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாவம் இல்லையாம்" என்றார்.

"நல்லதாப் போச்சே. இனிமே என்ன?"

"ஏன் பாவம் இல்லன்னு கேளு. இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையாம். அதனால பாவம் இல்லையாம். இத்தன வருஷமா நான் கேட்டுக்குள்ள காலை வைக்கிறதுக்குள்ள ஓடி வந்து என் கைய நக்கிச்சே, அது யாரு? ஒண்ணுமே இல்லாததா வந்து நக்கிச்சு?" என்று கேட்டார். உன் அப்பா கோவிலுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உன் தங்கை பிறந்த வாரத்திலேயே போனபோதுகூடப் பேசவில்லை. "பாவம்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது" என்றார். அனுமதி வாங்கப் போன மனுஷர் அதை வாங்கிக்கொண்டு வந்து இப்படி உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. அவரை அவ்வளவு பிடித்தது, தம்பி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு புதன்கிழமைக் காலையில் புதிதாகப் பிடித்தது.

"ஃபாதர் படிச்சதச் சொன்னாரு" என்றேன். "உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வலி இருக்கு, அது மட்டும் எனக்குத் தெரியும். பாவம்னே வெச்சுக்குவோம். அந்தப் பாவம் என் தலைல இருக்கட்டும், நான் போய் பதில் சொல்லிக்கறேன். இது இனிமே கஷ்டப்பட வேணாம்." அவர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

வியாழக்கிழமைக் காலையில் கொல்லைப்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வாதாமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். நம் கொல்லை மண்ணைப் பற்றி உனக்குத் தெரியும். மண்ணா அது, கடற்கரை மணல். வெட்ட வெட்டச் சரிகிறது. முழங்கால் ஆழம் வந்ததும் ஒரு பக்கம் பொலபொலவென்று விழுந்து பாதி மூடிக்கொண்டது. மறுபடியும் அள்ளினார், மறுபடியும் சரிந்தது. கடைசியில் குளியலறைப் பக்கத்தில் கிடந்த பழைய தென்னந்தட்டியைக் கொண்டுபோய் ஓரத்தில் அணைகொடுத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருவழியாகத் தோண்டி முடித்தோம். பட்லரை வழக்கம்போல வெயிலுக்காகக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டிருந்தோம். நான் கை கழுவப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள், அந்த நாய் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல அந்தக் குழிப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. கோடைக்காலத்தில் வாதாமரத்தடியில் ஈர மணலைத் தோண்டி அதில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளுமே, அந்தப் பழக்கம். புதிதாக வெட்டிய மணலின் குளிர்ச்சி அதற்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் குவித்திருந்த ஈர மணலில் ஏறி, முகவாயைப் பதித்து, பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. வாரக்கணக்காக முனகிக்கொண்டிருந்த நாய், முனகாமல் படுத்திருந்தது.

நான் ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பா, "விடு, அதுக்கு நல்லா இருக்கு" என்றார். அதன் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துகொண்டார். காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டே அழுதார், சத்தம் வராமல். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டருக்குச் சொல்லி அனுப்பிடு" என்றார். யாரையும் அனுப்பவில்லை, நானே புடவையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி கோபாலபுரத்துக்குப் போனேன். வழியில் லஸ்ஸில் பஸ் மாறும்போது திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். நின்றுவிட்டு ஏறிவிட்டேன்.

டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் சொன்னார். மத்தியானத்துக்கு அப்புறம் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது, ஆசைக்கு ஒரு வாய் கொடுக்கலாம். நரம்பு தெரிய வெளிச்சம் வேண்டும், ஜன்னல் பக்கமே இருக்கட்டும். கீழே ரப்பர் ஷீட் போட வேண்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். முதல் ஊசியில் தூங்கிவிடும், இரண்டாவது ஊசி போடுவது அதற்குத் தெரியாது. "கண்ணு மூடாது சிஸ்டர். சார் பயந்துடப் போறார், முன்னாடியே சொல்லி வைங்கோ" என்றார். சொல்லி வைத்திருக்கிறேன். பட்டையைக் கழுவி ஆணியில் மாட்டியிருக்கிறேன், உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்.

இன்று காலையில் மீன் கொண்டுவரும் கன்னியம்மா கூடையை இறக்கிவிட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தினமும் அதற்கென்று மீன் தலை தனியாக எடுத்து வைப்பவள் அவள்தான். "இன்னாம்மா, இன்னும் அப்டியேதான் கீதா?" என்றாள். நாளைக்கு நடக்கப்போவதைச் சொன்னேன். "ஐயே, ஊசி போட்டா சாவடிக்கப் போறே?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரிதான் போ. எங்க மாமியா இப்டித்தான் பாயில கெடந்து கெடந்து போச்சு. தெனம் என்னக் கொன்னுடுடின்னு கத்திக்கினு கெடந்துச்சு. இன்னா செய்ய முடிஞ்சுது எங்களால?" என்றாள். "நாளிக்கு நல்ல வஞ்சிரமா ஒரு துண்டு எட்தாறேன். முள்ளு எடுத்துட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இனி உன்னைப் பற்றி. நீ கேட்டதில் தப்பில்லை. சாகிறதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நீ பார்க்க நினைப்பது உன் பின்னால் ஓடிவந்த நாயை. மே மாதம் நீ வந்தால் பார்ப்பது அதை அல்ல, என் கை படும்போது பல்லைக் கடித்துக்கொள்கிற எலும்புக்கூட்டை. அதைப் பார்த்துவிட்டு நீ ரயில் ஏறிப் போய்விடுவாய், அந்தப் பார்வைக்காக அது இரண்டு மாதம் வலியில் கிடக்க வேண்டியிருக்கும். ஒருத்தர்மேல் பிரியம் இருந்தால் அவர்கள் நன்றாக இருக்கும்போதே வந்து பார்த்துவிட வேண்டும். போன வருஷம் லீவு கிடைத்தும் நீங்கள் இரண்டு பேரும் டார்ஜிலிங் போனீர்கள். போனதில் எனக்கு வருத்தமில்லை, வயசு அப்படி. ஆனால் அப்போது பட்லர் வாசல்வரை ஓடிவரும். அப்பாவும் அப்போது பைக்ராப்ட்ஸ் ரோடுவரை நடந்து போய்ப் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது பக்கத்திலிருக்கிற லஸ்ஸோடு திரும்பிவிடுகிறார்.

ஒன்று சொல்கிறேன், அம்மா புலம்புகிறாள் என்று தள்ளிவிடாதே. பட்லர்தான் இல்லையே, இனி அவசரம் என்ன என்று மே மாத லீவைத் தள்ளிப்போட்டுவிடாதே. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாய்க்காக எப்படியாவது லீவு வாங்கிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்காகவும் அதே 'எப்படியாவது' போட்டு வாங்கு. ஸ்டெல்லாவுக்குப் பிரயாணம் ஆகாது என்றால் நீ மட்டும் வா. அப்பா உன்னிடம் எதையும் கேட்கமாட்டார், இன்று அவருக்கும் சேர்த்து நானே கேட்டுவிடுகிறேன்.

நாளைக்குத் தலையை யார் பிடித்துக்கொள்வது என்று இரண்டு நாளாக யோசித்தோம். அப்பா முதுகைத் தடவிக்கொண்டிருக்கட்டும். தலையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஊசி போடுகிற நேரத்தில் அது கண்ணைத் திருப்பி யாரையாவது தேடினால் என்ன சொல்ல வேண்டும் என்றும் தீர்மானித்துவிட்டேன். வார்டில் கடைசி நேரத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் குனிந்து, காதோடு, "உங்க பையன் வந்துக்கிட்டே இருக்கான்" என்று சொல்வேன். பையனுக்குத் தகவலே போயிருக்காது. அவர்கள் என் கையை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நாளை பட்லரிடமும் அதையேதான் சொல்லப் போகிறேன். என் காதில் அதை யாராவது வந்து சொன்னால் நான் நம்பமாட்டேன், தம்பி. அதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அம்மா